ஏரி பார்க்க வந்தவர்கள்

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் வெளியே கிளம்ப வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி, மார்க்கெட். சாவு இருப்பதிலேயே நல்ல காரணம். அழுதுவிட்டு நாலு பேரைப் பார்த்துப் பேசிவிட்டும் வரலாம். இதில் ஒன்றுகூட இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பிரம்புக்கூடையுமாகத் தெரு நடுவில் வந்து நிற்பவள் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒருத்திதான்.

"எங்கக்கா கெளம்பிட்ட?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. வர்றதுன்னா வா, இல்லன்னா வழிய வுடு."

தெரு அவளை மதாம் அக்கா என்று கூப்பிட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தவள். அந்த வீட்டு மதாமுக்கு ஞாயிறு வந்தால் 'ப்ரொம்னாத்' போயாக வேண்டும். ப்ரொம்னாத் என்றால் நடை. நம் நடை மாதிரி அல்ல. போய்ச் சேர வேண்டிய இடம் கிடையாது, முடிக்க வேண்டிய வேலை கிடையாது. கூடையில் சாப்பாடு, தரையில் விரிக்கக் கட்டம் போட்ட மேசைத்துணி, ஒரு மரநிழல். பார், சாப்பிடு, திரும்பு. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்காவும் கூடவே போவாளாம். பிரஞ்சுக் கொடி இறங்கி அந்தக் குடும்பம் கப்பலேறியபோது கூடையையும் மேசைத்துணியையும் அவளிடம் விட்டுப் போனார்கள். பழக்கத்தையும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவள் புருஷனுக்கு மில்லில் தறி வேலை. ஞாயிறு முழுக்கத் தூங்குவார். "ப்ரொம்னாத் போலாமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம். "வாரம் பூரா தறிக்கு முன்னாடி நடக்கிறேன், லீவு நாள்லயும் நடக்கணுமா?" என்று புரண்டு படுத்துவிட்டாராம். அதன் பிறகு தெருவையே கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். பிற்பாடு அவருக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்து இருவரும் போய்விட்டார்கள். அங்கேயும் நாலு பேரைக் கிளப்பிவிட்டிருப்பாள், சந்தேகமே இல்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடம் என்னை முயன்று பார்த்துவிட்டுப் பாதியில் கைவிட்டது. அப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டாத நேரத்தில் வாயாடிக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் தெருப் பெண்கள் அஞ்சாறு பேரும் அக்காவோடு கிளம்பியபோது, "பொம்பளைங்க மட்டும் தனியா எப்படி?" என்று புருஷன்மார்கள் கேட்டார்கள். அந்த வாய்களை அடைக்க ஓர் ஆண்பிள்ளை தேவைப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை விழித்திருந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

எங்கே போவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. காய்கறி வண்டிதான் முடிவு செய்யும். விடிவதற்குள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காயும் கீரையும் ஏற்றிவரும் மாட்டு வண்டிகள் காலையில் காலியாகத் திரும்பும். அக்கா போய் வண்டிக்காரர்களிடம் பேசுவாள். யார் தலையாட்டுகிறாரோ அவர் ஊர்தான் அன்றைக்கு எங்கள் ஊர். சாயங்காலம் மறுநாளைக்குக் காய் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து திரும்பிவிடுவோம்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. சாப்பிடும்போது வீட்டுக் கதை பேசக் கூடாது. மாமியார், நாத்தனார், புருஷன் என்று யார் வாயிலிருந்து வந்தாலும் திரும்பும்போது கூடையை அவர்தான் தூக்க வேண்டும். முதல் சில மாதம் கூடை முழுக்க முழுக்க என் அம்மாவிடம்தான் இருந்தது.

ஊர் எல்லை வந்ததும் அக்கா நிற்பாள். குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு சுற்றிப் பார்த்து "வுவாலா!" என்பாள். பிரஞ்சில் 'இதோ பாரு' என்று அர்த்தமாம். எதிரே ஒரு குட்டையும் ரெண்டு எருமையும் இருந்தாலும் வுவாலாதான்.

"இதுல என்னாக்கா இருக்கு வுவாலா போட?"

"எருமை குளிக்கிறத நின்னு பாத்திருக்கியாடா நீ?"

"அதான் நெதமும் கண்ணாடியில பாக்குறானே, போதாதா?" என்றாள் என் அம்மா.

ஒரு ஞாயிறு எந்த வண்டிக்காரரும் தலையாட்டவில்லை. சரி, நம் ஊரையே பார்ப்போம் என்று கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போனாள். எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மேசைத்துணியை விரித்துப் புளிச்சோற்றைப் பிரித்ததும் ஒரு போலீஸ்காரர் வேகமாக வந்தார். மில் தெருப் பெண்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"எந்த மில்லும்மா? ஸ்ட்ரைக்கா? மனு குடுக்கணும்னா ஆபீசுக்குப் போங்க."

"மனு இல்லீங்க, புளிச்சோறு" என்று அக்கா ஓர் இலையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும்வரை தூரத்தில் நின்றபடியே கோஷம் போடப் போகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீராம்பட்டினத்தில் இன்னும் மோசம். உலகமே ஆடித் தேருக்கு அங்கே போகும். அக்கா எங்களைத் தேரெல்லாம் முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு கூட்டிப் போனாள். தேர் இல்லாதபோது ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். வலை காயும் மணலில் நாங்கள் வரிசையாக நடந்து வருவதைப் பார்த்து, வாசலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து நின்றாள்.

"யாரு வூட்டுக்கு வர்றீங்க?"

"யாரு வூட்டுக்கும் இல்லம்மா. சும்மா."

அந்த அம்மாள் நம்பவில்லை. வெளியூர்ப் பெண்கள் கூட்டமாக, விசேஷம் எதுவும் இல்லாத நாளில் வந்தால் அது துக்கத்துக்குத்தான். யார் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமலே, "ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களும் கூட அழுதார்கள். யாரும் சாகவில்லை என்று நம்பவைப்பதற்குள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்புறம் அவர்களே மீன் சுட்டுக் கொடுத்து, எங்கள் மேசைத்துணியிலேயே உட்கார்ந்து, அழுத களைப்புத் தீர நன்றாகச் சாப்பிட்டார்கள்.

அழுகையோடு வரவேற்ற ஊரில் ஒன்றும் ஆகவில்லை. சிரித்த முகமாக வரவேற்ற ஊரில்தான் மாட்டிக்கொண்டோம்.

அது கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. அன்று தலையாட்டிய வண்டிக்காரர் ஊசுட்டேரிக் கரையில் ஒரு சின்ன ஊர்க்காரர். அன்றைக்குப் பார்த்து நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன். கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. ஏரிக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டோம். வீட்டுக்காரர் விவசாயி. எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க. பாண்டியிலேருந்துதானே?"

"ஆமாங்க, முத்தியால்பேட்டை."

"வருவீங்கன்னு தெரியும். உள்ள வாங்க."

"பாத்தியாடா, என்னா மரியாதை!" என்று அக்கா என் காதில் சொன்னாள்.

பாய் விரித்தார்கள். தண்ணீர் வந்தது, பின்னாலேயே கேசரி வந்தது, வடை வந்தது. நான் இரண்டாவது தட்டுக் கேசரியில் இருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் தலையைக் குனிந்தபடி காபித் தட்டோடு வந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து விழுந்து கும்பிட்டாள். கேசரி என் தொண்டையில் நின்றுவிட்டது.

பாண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கார்த்திகைக்குள் ஒரு ஞாயிறு வருவார்கள் என்று தரகர் ஒருவர் சொல்லிவைத்திருந்தாராம். கூட்டமாகப் பெண்கள், தலையில் பூ, கூடையில் பழம், நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு தடியன். வேறு என்னவென்று நினைப்பார்கள்?

அக்கா பதறி எழுந்தாள். "ஐயோ, தப்பா நெனச்சிட்டீங்க. நாங்க பொண்ணு பாக்க வரலீங்க. சும்மா ஏரியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "அதுக்கென்னங்க! மொத தடவை யாருதான் பொண்ணு பாக்க வந்தோம்னு சொல்றாங்க? 'சும்மா இந்தப் பக்கம் வந்தோம்'னுதானே எல்லாரும் சொல்லுவாங்க. பாத்துட்டு மெதுவா சொல்லியனுப்புங்க."

அக்கா எங்கே போனாலும் சொல்லிவந்த உண்மை, பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய்யாக இருந்தது. அதற்கு மேல் அவளால் என்ன சொல்ல முடியும்? என் அம்மா தன் பங்குக்கு, "ஐயா, இவனுக்குப் போயி யாராச்சும் பொண்ணு தேடுவாங்களா?" என்று கேட்டாள். "பெத்தவங்க அடக்கமாத்தான் பேசணும்" என்று அதையும் மெச்சினார்.

அந்த வீட்டில் எங்களை நம்பியவள் அந்தப் பெண் மட்டும்தான். டம்ளர் எடுக்க வந்தபோது அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஏரியத்தான் பாக்கணும்னா மேக்கால கரைக்குப் போங்கம்மா, மதகுகிட்ட. பொழுது சாயறப்போ வெளியூர்ப் பறவையெல்லாம் வந்து எறங்கும்."

போனோம். வெயில் தணிந்ததும் வானத்தின் ஓரத்தில் கோடு கோடாக வந்தன. தலைக்கு மேல் வரும்போது இறக்கைச் சத்தம் கேட்டது. தண்ணீர் தெரியாத அளவுக்கு இறங்கிக்கொண்டே இருந்தன. அக்கா வுவாலா சொல்லவே மறந்துவிட்டாள்.

திரும்பும்போது நான், "சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்க்கா. கேசரி நல்லா இருந்துச்சு" என்றேன். குடையால் ஓர் அடி விழுந்தது.

கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதர் வண்டிக்காரரை விசாரித்துக்கொண்டு எங்கள் சைக்கிள் கடை வாசலுக்கே வந்து நின்றார். நான் கிழிந்த கைலியும் கறுத்த கையுமாக டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளை என்று அவர் மனசுக்குள் நினைத்ததை நான் கவனிக்காமல் இல்லை. அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"நீங்க சொன்னது நெசம்னு இப்ப நம்புறேன்மா. தரகர் சொன்ன பாண்டிக்காரங்க கெளம்பவே இல்லியாம். ஆனா ஊர் நம்ப மாட்டேங்குது" என்றார். "ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து பாத்துட்டுப் பதில் சொல்லாம போயிட்டாங்க. இப்ப நீங்களும் போயிட்டீங்க. இத்தனை பேரு வேணாம்னு போறாங்கன்னா பொண்ணுகிட்ட என்னமோ கோளாறுன்னு பேசறாங்க. ஏரி பாக்க வந்தாங்கன்னு சொன்னா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. தையில பாகூர்லேருந்து ஒரு எடம் வருது. நல்ல எடம். இந்தப் பேச்சு அவங்க காதுல விழுந்தா வந்த வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாங்க."

"நான் வந்து ஊர் நடுவுல நின்னு சொல்லட்டுமா?"

"பொண்ணு வேணாம்னு சொல்ல வந்ததா நெனப்பாங்கம்மா."

அவர் போன பிறகு நான் வழக்கம்போல் எதையோ சொல்லிச் சீண்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "சும்மா போனா யாருக்கும் ஒரு நட்டமும் இல்லன்னு நெனச்சேன்டா. அந்தப் பொண்ணு வழியில போயி குறுக்க நின்னுட்டு வந்திருக்கோம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் கிளம்பவில்லை. அன்றைக்குத்தான் அவள் புருஷன் பகலில் எழுந்து உட்கார்ந்து, "என்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாராம்.

மார்கழி பிறந்தது. விடிகாலையில் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிக்கொண்டிருந்த அக்கா, கடைக்குப் போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்தாள்.

"டேய், மார்கழியில யாராச்சும் பொண்ணு பாக்கப் போவாங்களா?"

"பீடை மாசமாச்சே. எங்கம்மா எனக்கு ஒரு பனியன்கூட எடுத்துத் தராது."

"அப்ப மார்கழியில ஒரு கூட்டம் போச்சுன்னா, அது பொண்ணு பாக்கப் போற கூட்டமா இருக்குமா?"

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

அந்த மார்கழியின் எல்லா ஞாயிறும் ஊசுட்டேரிதான். வேறு ஊர் வண்டிக்காரர்கள் கூப்பிட்டுத் தலையாட்டினாலும் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஊர் நடுவே நடந்தோம். பெண்கள் தலையில் பூ கூடாது, எனக்குக் கடைக் கைலியும் க்ரீஸ் கறைப் பனியனும்தான் என்று அவள் உத்தரவு. அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் தெருவுக்கே கேட்கும்படி, "ஐயா, ஏரி காட்டப் பொண்ணை அனுப்புங்க!" என்று குரல் கொடுப்பாள். பெண் வருவாள். இந்தத் தடவை தலை குனியவில்லை. எங்களுக்கு முன்னால் நடந்து, கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அது கூழைக்கடா, இது நாமக்கோழி, அந்த மொட்டை மரத்தில் இருப்பது நீர்க்காகம், இறக்கையைக் காய வைக்கிறது.

ஊர்க்காரர்கள் கரையில் நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"திரும்பவும் பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?"

"யோவ், மார்கழியில பைத்தியக்காரன்கூட வரமாட்டான்."

"பின்ன எதுக்கு வர்றாங்க?"

"நெசமாவே ஏரியத்தான் பாக்குறாங்கபோல."

கடைசி ஞாயிறு ஒரு பெரியவர் எங்களிடம் வந்து, "ஏம்மா, உங்க ஊர்ல தண்ணியே கெடையாதா?" என்று பரிதாபமாகக் கேட்டார். அக்காவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் மாதம் முழுக்க வந்தோம்.

தையில் பாகூர்க்காரர்கள் வரும் நாளைச் சொல்லி, எங்களையும் வந்து கூட இருக்கச் சொல்லி பெண்ணின் அப்பா ஆள் அனுப்பினார். "நான் போனாலே வெனைதானேடா" என்று அக்கா பயந்தாள். ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாய் திறக்காத பையன். அவன் அப்பா பெரிய மீசைக்காரர். அவரும் அதிகம் பேசவில்லை, ஆனால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேசரி வந்தது. பெண் வந்தாள், கும்பிட்டாள். மீசைக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு விஷயம் காதுல விழுந்துச்சு. பாண்டியிலேருந்து ஒரு கூட்டம் வந்து முன்னாடியே பொண்ணைப் பாத்துட்டுப் போச்சாமே?"

பெண்ணின் அப்பா அக்கா பக்கம் திரும்பினார். அக்கா எழுந்தாள். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"நாங்கதாங்க அந்தக் கூட்டம். ஏரி பாக்க வந்தோம்."

"ஏரி பாக்கவா?"

அதற்குள் வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். "ஆமாங்க, இவங்க அப்படித்தான்." "மார்கழி பூரா வந்தாங்க, ஒரு வாரம் வுடல." "பொண்ணு பாக்குறவங்க மார்கழியில வருவாங்களா, நீங்களே சொல்லுங்க." ஒருவர் என்னைக் காட்டி, "அந்தத் தம்பியத்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சுட்டோம். அந்த மூஞ்சியப் பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு என்னால் ஆன உபகாரம் அதுதான் என்று புரிந்துகொண்டு, நன்றாகத் தெரியும்படி முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். மீசைக்காரர் பார்த்தார். ஒப்புக்கொண்டது மாதிரி தலையை அசைத்தார்.

"அப்படி என்னா இருக்கு அந்த ஏரியில? எங்க ஊர்லயும்தான் ஏரி இருக்கு. தண்ணி பாய்ச்சறோம், மீன் புடிக்கிறோம். அதப் போயி யாரு நின்னு பாத்தா?"

"வாங்க, காட்டறோம்" என்றாள் அக்கா.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரர் எழுந்துவிட்டதால் மற்றவர்களும் எழுந்தார்கள். வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஓர் ஊர்வலமே கரைமேல் ஏறியது. எல்லோருக்கும் முன்னால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண். மதகுக்குப் பக்கத்தில் அக்கா மேசைத்துணியை விரித்து மாப்பிள்ளையின் அம்மாவை உட்காரவைத்தாள். மீதி வடையும் கூடவே வந்திருந்தது.

வானத்தின் ஓரத்தில் முதல் கோடு தெரிந்தது.

"அதெல்லாம் எங்கேருந்தும்மா வருது?" என்று மீசைக்காரர் பெண்ணிடம் கேட்டார்.

"தெரியாதுங்க. மழையோட வரும், வெயில் ஏறினா போயிடும். ஆனா எந்த வருஷம் வந்தாலும் இதே மரத்துக்குத்தான் வரும்."

"இதே மரத்துக்கா?"

"ஆமாங்க. அதோ, மூக்கு தட்டையா ஒண்ணு வருது பாருங்க. அது தண்ணிய அரிச்சு அரிச்சுத் தின்னும்."

மாப்பிள்ளை மெதுவாக நகர்ந்து அவள் சொல்வது காதில் விழும் தூரத்துக்கு வந்துவிட்டான். அவன் பறவையைத்தான் பார்த்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மீசைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மதகுச் சுவரை ஒட்டி நின்றார். கூட்டம் கூட்டமாக இறங்க ஆரம்பித்தது.

"பொழுது போயிடுச்சு, கெளம்பலாமா?" என்று அவர் மனைவி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

பெண்ணின் அப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "ஏங்க, நம்ம பொண்ணு விஷயம் ஒண்ணும் சொல்லலியே..." என்று இழுத்தார்.

மீசைக்காரர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி அவரைத் தடுத்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க சம்பந்தி. அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் எறங்குது."

சம்பந்தி என்ற சொல் கரையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. சொன்னவர் மட்டும் கவனிக்கவில்லை. பெண் பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். அவள் அப்பா மெதுவாக வந்து மேசைத்துணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்கா வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதைத் தொடாமல், பிறந்ததிலிருந்து அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்துவந்த மனிதர், முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.